பூட்டியிருந்த பதினொரு வீடுகள்

திருப்பருத்திக்குன்றத்துச் சாந்திநாதன் எழுதிய படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. காஞ்சிபுரம் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் பதினாறு வருஷமாகக் கணக்கெடுப்பாளர் வேலை. வீடு வீடாகப் போய்க் கேட்டதை முத்து முத்தாக எழுதிக் கொடுப்பார். ஊரில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு, ஐந்து மணி நயினார். நயினார் என்பது தமிழ்ச் சமணர் பட்டம். அவர்கள் வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், பிறகு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. அதனால் வேலை எந்தத் தெருவில் எப்படிக் கிடந்தாலும் ஐந்தடித்தால் மனுஷன் சைக்கிளில் ஏறிவிடுவார். எல்லாரும் கேலி செய்தார்கள். யாராவது ஒருத்தர் கண்டித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் மேலக்கிணற்றுத் தெருவில் மஞ்சள் காமாலை புகுந்தது. கிணற்றை ஒட்டிச் சாக்கடை ஓடியது. கிணறுதான் காரணம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அதை மூடினால் நூற்றெண்பது வீட்டுக்காரர்கள் அரை மைல் நடந்து கீழக்கிணற்றிலிருந்து குடம் சுமக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் மூட மாட்டோம் என்றது நகராட்சி. ஆதாரம் தேடி, ஆடி பிறந்ததும் சென்னையிலிருந்து வந்தவர் புள்ளிவிவர அதிகாரி வேணுகோபால்.

அவர் சாந்திநாதனை உட்கார வைத்து விளக்கினார். "முதல்ல கிணறு நிரபராதின்னு வெச்சுக்கணும். மேலக்கிணத்து வீடுங்கள்ல மூணுக்கு ஒண்ணா அறுபது, கீழக்கிணத்துல அதே மாதிரி அறுபது. எத்தனை வீட்டுல காமாலைன்னு ரெண்டு பக்கமும் எண்ணுவோம். நிரபராதியான கிணத்துலயும் தற்செயலா ஏதோ வித்தியாசம் வரத்தான் செய்யும். நாம பார்க்கிற அளவு வித்தியாசம், தற்செயலா நூத்துக்கு அஞ்சு தடவைகூட வராதுன்னா, அப்ப கிணத்தைச் சந்தேகப்பட்டே ஆகணும்."

"சரிங்க சார்."

"வீடு பூட்டியிருந்தா சாயங்காலம் போங்க. அப்பவும் பூட்டியிருந்தா மறுநாள் போங்க. அதுக்குப் பதிலா பக்கத்து வீட்டை மட்டும் எடுத்துடாதீங்க."

இதற்கும் சரிங்க சார்தான்.

மேலக்கிணற்றுத் தெருவில் சாந்திநாதன் எடுத்த வீடுகளில் ஒன்று, தறிச்சட்டம் செதுக்கும் ஹனீஃபாவின் வீடு. அவன் மனைவி சித்தாராவுக்கு வயிற்றில் தலைப்பிள்ளை, ஐந்து மாதம். நயினார் வடிகட்டாத தண்ணீர் குடிக்க மாட்டார் என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள். வெள்ளைத் துணியைச் சொம்பின் வாயில் கட்டி ஊற்றிக் கொடுத்தாள்.

"இது கீழக்கிணத்துத் தண்ணி அண்ணே. பயந்துக்கினு அங்கருந்துதான் தூக்கியாறேன். இடுப்பு விட்டுப்போவுது. மேலக்கிணறு நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

"கட்டாயம் சொல்றேம்மா."

மேலக்கிணற்று வீடுகளில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. நல்ல நாளில் தறிச்சத்தம் கேட்கிற வீடுகள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலம் திரும்ப வரவேண்டும். சாயங்காலம் என்றால் ஆறரை, ஏழு. அந்நேரம் இங்கே நின்றால் இரவு பட்டினி. பக்கத்து வீடும் அதே கிணறு, அதே தண்ணீர், அதில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? பதினொரு முறையும் பக்கத்துக் கதவைத் தட்டினார். பதினொரு வீட்டிலும் ஆட்கள் நன்றாக இருந்தார்கள். படிவம் அழகாக நிரம்பியது. பூட்டைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

காமாலை கண்டது மேலக்கிணற்றில் எட்டு வீடு, கீழக்கிணற்றில் ஐந்து. வேணுகோபால் கணக்குப் போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த வித்தியாசம் தற்செயலாவே நூத்துக்கு முப்பத்தஞ்சு தடவைக்கு மேல வரும். கிணத்து மேல குத்தம் சொல்ல முடியல. அதுக்காகக் கிணறு நல்லதுன்னு அர்த்தமில்ல சாந்திநாதன். நமக்கு ஆதாரம் கிடைக்கலன்னு மட்டும்தான் அர்த்தம்."

சாந்திநாதன் தலையாட்டினார். ஆனால் சித்தாராவின் வாசலில் நின்று அத்தனையும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குடத்தோடு மூச்சு வாங்கி நின்றவளைப் பார்த்ததும், நல்ல சேதி கொண்டுவந்த சந்தோஷத்தில், "கிணத்து மேல தப்பில்லையாம்மா. பயப்படாம குடி," என்றார்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

புரட்டாசியில் காமாலை இரண்டு மடங்காகிவிட்டது. மறுபடி எடுங்கள் என்று உத்தரவு வந்தது. அதே வீடுகள், அதே படிவம். சித்தாராவின் வீட்டுக்கு அவர் போனபோது மணி நாலரை. கதவில் பூட்டுத் தொங்கியது. கொடியில் அந்த வெள்ளைத் துணி காய்ந்து விறைத்துக் கிடந்தது.

பழக்கத்தில் பக்கத்து வீட்டுப் பக்கம் கால் திரும்பியது. பிறகு நின்றுவிட்டது. ஏனோ அந்தப் பூட்டை விட்டு அவரால் போக முடியவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஐந்தடித்தது. ஆறும் அடித்தது. வெயில் தெருவை விட்டுப் போனது. வீட்டில் தட்டு வைத்துக் காத்திருப்பார்கள் என்று ஒருமுறை நினைத்துக்கொண்டார்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் தாமல் பக்கமிருந்து வரும் பஸ் தெருமுனையில் நின்றது. சும்மாடு மாதிரித் துணி சுற்றிய தலைகளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கைத்தாங்கலாக ஒருவர், தோளில் சாய்ந்தபடி ஒருவர். கண்களெல்லாம் மஞ்சள். தெருவில் பூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னா நயினாரே, அதிசயமா இந்நேரத்துல?"

"இவங்கல்லாம் எங்கேருந்து வராங்கம்மா?"

"தாமல் வைத்தியர்கிட்டருந்து. காலையில வெறும் வயித்துல ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை அவர் கையாலதான் குடிக்கணும். பத்தியச் சோறும் அங்கியே. அதான் முதல் பஸ்ஸுக்கு வீட்டைப் பூட்டிக்கினு எல்லாரும் போயிடறாங்க."

"ஆடியிலயும் இப்படித்தானா?"

"ஆடி பூரா இதே கதைதான். நீங்கதான் வெளிச்சத்துலயே கிளம்பிடுவீங்களே, உங்களுக்கு எங்கே தெரியும்."

அவர் விட்டுப்போன பதினொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கேட்டார். அவள் விரல் மடக்கிச் சொன்னாள். ஆடியிலேயே ஒன்பது வீட்டில் காமாலை. எட்டு, பதினேழாகியிருக்க வேண்டும். பதினேழுக்கு ஐந்து. அது தற்செயலாக நூற்றுக்கு ஒரு தடவைகூட வராது என்று அவருக்கே தெரிந்தது. கிணறு ஆடியிலேயே மூடப்பட்டிருக்கும்.

கடைசியாக இறங்கியவன் ஹனீஃபா. தனியாக வந்தான். சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் தடவினான்.

"பாய், சித்தாரா?"

"மூணு நாள் வைத்தியர்கிட்ட போனோம் நயினாரே. நேத்து நினைவு தப்பிடுச்சு. தாமலுக்கு அப்பால பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனேன். மத்தியானம் முடிஞ்சிடுச்சு. வயித்துல இருந்ததும் போயிடுச்சு. பின்னால வேன்ல கொண்டாறாங்க, ஜமாத்துக்குச் சொல்ல நான் முன்னால வந்தேன்."

சாந்திநாதன் எழுந்து நின்றார். பூட்டியிருந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தார்.

அதற்குள் ஹனீஃபாவே பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை. "நீங்க அன்னிக்கு வந்து சொன்னதுக்கு அப்புறம்தான் நயினாரே அவ நிம்மதியா இருந்தா. அரை மைல் நடந்து தூக்கியாறதை அன்னியோட விட்டுட்டா. உங்க பேரைச் சொல்லிச் சொல்லி இந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சா."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனான்.