மாடு இல்லாதவரின் மாடு

புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நான் எழுதிய சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை காட்டினால் வெளியுலகமும் பச்சையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். சின்ன வயதில் அல்ல. நாற்பத்தெட்டு வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு.

சித்தூரில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். திருப்பதியில் உள்ள ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். நோயாளியின் முறை மாறினால் அவருடைய போனுக்குச் செய்தி போக வேண்டும். அதை நாங்கள் நேரே அனுப்புவதில்லை. வேறொரு கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு 'இதை இவருக்கு அனுப்பு' என்போம். 'அனுப்பியாயிற்று' என்றோ 'முடியவில்லை' என்றோ அது பதில் சொல்லும். சோதிக்கும்போது நிஜ சர்வரைத் தொடக் கூடாது. தொட்டால் எங்கோ படுத்திருக்கும் நோயாளியின் போன் அடிக்கும். அதற்காக அந்த சர்வர்போல நடித்துப் பதில் சொல்லும் ஒரு போலியை எழுதி வைத்துக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம்.

என் முதல் போலி ஒரு தலையாட்டி பொம்மை. எதைக் கேட்டாலும் 'போய்ச் சேர்ந்தது' என்றது.

"அண்ணா, எப்பவும் சரின்னு சொல்றத வெச்சிக்கினு இன்னாத்த டெஸ்ட் பண்றீங்க?" என்றாள் என்னுடன் வேலை செய்யும் பெண்.

ரோஷம் வந்து, கேள்விக்கேற்ப வளைந்து கொடுக்கும் போலியாக அதை மாற்றினேன். போன் எண் மூன்றில் முடிந்தால் 'எண் தவறு' என்று சொல்லும். ஒன்பதில் முடிந்தால் பத்து விநாடி ஊமையாக இருக்கும். ஏழில் முடிந்தால் 'முடியவில்லை' என்று சொல்லிக் காரணமும் தரும். அந்தக் காரணத்தில்தான் என் வால் நீண்டது. 'ஆள் மாடு மேய்க்கப் போயிருக்கிறார்' என்று தெலுங்கில் எழுதி வைத்து, நானே சிரித்துக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு தடவையாவது உங்க நம்பருக்கே நிஜமா அனுப்பிப் பாருங்கண்ணா. வர்ற பதில எடுத்து வெச்சி போலிய எழுதுங்க. இப்ப நீங்களே பேசி நீங்களே கைதட்டிக்கினு இருக்கீங்க."

அதற்கும் சிரித்தேன். சோதனைகள் பச்சையாக இருந்தன அல்லவா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மையத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். புத்தூர்ப் பக்கத்து அம்மாள், நிதானமாகப் பேசுவார்.

"சார், வியாழக்கெழம இங்க தண்ணி சுத்தம் பண்ற மெஷினு ரிப்பேரு. அன்னிக்கு வர்றவங்க பன்னெண்டு பேர புதனுக்கு மாத்தி, மெசேஜ் அமுக்கினேன். அதுல ஒருத்தருக்கு மட்டும் மாடு மேய்க்கப் போயிருக்காருன்னு வருது. அவருக்கு மாடே இல்லியே சார்."

என் போலி, நிஜ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சோதனைக்காக நான் போலியின் பக்கம் திருப்பி வைத்திருந்த ஒரு செட்டிங், அப்படியே திருப்பதிக்குப் போய்விட்டிருக்கிறது. அப்படியானால் 'போய்ச் சேர்ந்தது' என்று திரையில் காட்டிய மற்றவர்களுக்கும் எதுவும் போகவில்லை.

"சின்ன விஷயம் சிஸ்டர், பாத்துடறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். குரல் சிரித்தது.

அந்தப் பன்னிரண்டு பேரும் திங்களும் வியாழனும் வருகிறவர்கள். நாளைக்கு வராமல் வியாழனன்று வந்தால் மெஷின் ஓடாது. அதை விட்டால் அடுத்த திங்கள்தான். ஒரு வாரம் தள்ளினால் என்ன ஆகும் என்று அந்த நர்ஸே ஒருமுறை சொல்லியிருந்தார்: கால் வீங்கும், நெஞ்சில் நீர் சேரும், படுத்தால் மூச்சு விட முடியாது. எனக்கு உட்கார்ந்திருக்கும்போதே முடியவில்லை.

செட்டிங்கை நிஜ சர்வருக்கு மாற்றி, மறுபடி அனுப்பினேன். பன்னிரண்டும் பச்சை. இந்த முறை பச்சையைப் பார்த்தே பயந்தேன். வந்த பதிலைத் திறந்து படித்தேன். மேல் வரியில் 'சரி' என்றிருந்தது. உள்ளே நாலு வரி தள்ளி, 'இந்த வாசகத்துக்கு அனுமதி வாங்கவில்லை, அனுப்ப மறுக்கப்பட்டது' என்றிருந்தது. என் போலி ஒருநாளும் வாயில் சரி, வயிற்றில் இல்லை என்று பேசியதில்லை. அதனால் என் புரோகிராமும் மேல் வரியை மட்டும் படித்துவிட்டுப் பச்சை போட்டிருந்தது. போன் கம்பெனியிடம் வாசகத்துக்கு அனுமதி வாங்க நாள் கணக்கில் ஆகும்.

பன்னிரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கள் கம்பெனி முதலாளி காதில் விழக் கூடாதே என்று, மெத்தைக் கடையின் பின்பக்கம், சுருட்டி நிறுத்திய மெத்தைகளுக்கு நடுவில் போய் நின்றேன்.

முதலில் மாடு இல்லாதவர். வரதய்யபாளையத்துக்காரர். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஏற்கெனவே கால் வீங்கி, மூச்சு வாங்கி என்றெல்லாம் என் மூளை காட்சி காட்டியது. நேற்றுத்தான் டயாலிசிஸ் முடித்துப் போனவர் என்ற நினைவே எனக்கு இல்லை. மூன்றாவது முறை அவர் மனைவி எடுத்தார்.

"அம்மா, டயாலிசிஸ் விஷயமா பேசறேன். வியாழக்கெழம இல்லம்மா, நாளைக்கே..."

"தெரியும் சார். நாளைக்குக் காத்தால பஸ்ஸுக்கு எல்லாம் எடுத்து வெச்சிக்கினு இருக்கேன். நேத்தே ஊசி எடுக்கறப்ப சிஸ்டரம்மா சொல்லிச்சி, நோட்டுலயும் எழுதிக் குடுத்துச்சி. இன்னா, மறுபடியும் மாத்திட்டீங்களா?"

"இல்லம்மா, மாத்தல, மாத்தல." ஒழுங்காக இருந்ததையும் நான் கெடுத்துவிடுவேனோ என்று அடுத்த பயம் வந்தது. "அவரு எப்பிடி இருக்காரு?"

"துன்னுட்டு தூங்கினு இருக்காரு. எழுப்பவா?"

வேண்டாம் என்றேன். மற்ற பதினோரு எண்களைக் கூப்பிடவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை 'ம்' போட்டார்.

"எல்லார்கிட்டயும் நேத்தே வாயால சொல்லிட்டேன் சார். மெசேஜ் அனுப்புன்னு மேனேஜர் சொன்னாரு, அமுக்கினேன்."

"அப்புறம் எதுக்கு சிஸ்டர் எனக்கு போன் பண்ணீங்க?"

"அவருக்கு மாடு இல்லியே சார். தப்பா பதிவாயிருந்தா திருத்துவீங்கன்னுதான்."

மாலையில் அந்த மாட்டை அழித்தேன். நிஜ சர்வர் தந்த மறுப்பை அப்படியே எடுத்து என் போலியின் வாயில் வைத்தேன். சோதனையை ஓட்டினால் என் புரோகிராம் தோற்று, முதல்முறையாகச் சிவப்பு வந்தது. என்னுடன் வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள்.

புதன்கிழமை பன்னிரண்டு பேரும் வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு வீடு திரும்பினார்கள். என் புரோகிராமிலிருந்து அவர்களில் ஒருவருக்கும் ஒரு செய்திகூடப் போயிருக்கவில்லை.