சங்கத்து முதலாளி பெலர்மினோ

கிரான்பெரிச் சாறு விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தால் நான் அணைத்துவிடுவேன். சிவப்புப் பழங்கள் மிதக்கும் தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, "இது எங்க சங்கம், நாங்கதான் முதலாளி" என்று ஒருவர் சிரிப்பாரே, அவர் என் தாய்மாமன் பெலர்மினோ ஃபோண்டெஸ். நடிப்பு என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் சிரித்தது நிஜச் சிரிப்பு.

மாமாவின் அப்பா ஆப்பிரிக்கா பக்கத்துக் கேப் வெர்டே தீவுகளிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் கூலியாக வந்தவர். அடுத்தவர் சதுப்பு வயல்களில் முட்டி போட்டு நகர்ந்து, மரச்சீப்பு வைத்த பெட்டியால் பழம் வாரியே முதுகு வளைந்து செத்தார். மாமாவும் பள்ளியைப் பாதியில் விட்டு அதே வயல்களில் இறங்கினார். யாரும் சீந்தாத ஒரு வயலை விலைக்கு வாங்கி, குளிர்காலத்தில் உறைந்த வயலின் பனிக்கட்டி மேல் மணல் பரப்பி, பனி உருகி அது கொடியடியில் இறங்க, கொடிகளைத் தேற்றினார். விவசாயிகளே நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆன அன்று அவர்கள் கொடுத்த தொப்பியை ஞாயிறு பூசைக்கும் போட்டுப் போனார். பாதிரியார் கழற்றச் சொன்ன பிறகுதான் கழற்றினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். மாமா அதையும் விடவில்லை. "நீ படிச்சிட்டு இன்னொருத்தன்கிட்ட வேலைக்குப் போற. நான் படிக்காமயே முதலாளி. இதுல யாருடா கெட்டிக்காரன்?" என்பார்.

போன அக்டோபரில் சங்கத்து விளம்பரப் பிரிவிலிருந்து மெரில் என்பவர், விளம்பரப் படத்துக்கு இடம் தேடி, சேறு படாத பூட்ஸோடு வந்தார். மாமாவின் வயலுக்குப் பின்னால் பைன் மரங்கள் அழகாக இருக்கின்றனவாம். மாமாவுக்கு உழைத்த முகமாம். குதிரையின் பல்லைப் பார்ப்பதுபோல் அந்த முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மாமா அதற்கும் சிரித்தார்.

அறுவடைக்கு வயலில் தண்ணீரைத் தேக்கி, இயந்திரம் விட்டுக் கொடிகளை அடித்தால் பழங்கள் உதிர்ந்து மிதக்கும். மிதக்கிற பழத்தை அன்றோ மறுநாளோ அள்ளி லாரியில் ஏற்றிவிட வேண்டும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

பழம் மிதந்தது, படக்குழுவும் வந்தது. தண்ணீர் ஏறியதும் கொடிகளுக்குள் இருந்த சிலந்திகள் உயரமாக எது நின்றாலும் அதில் ஏறின. எங்கள் தோளிலும் கழுத்திலும் அவை ஏறுவது வழக்கம். பூச்சியைத் தின்கிற உயிர் என்று தட்டிவிட மாட்டோம். வயல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற ஒரே கேள்வி, சிலந்திக்குப் பயமா என்பதுதான். ஒப்பனைக்கு வந்த பெண் கரையேறி ஓடிவிட்டாள். இயக்குநர் மருந்தடிக்கச் சொன்னார். அப்போதுதான் மாமாவுக்குக் கோபம் வந்தது. அவையும் நம் ஆட்கள்தான், கூலி கேட்காத ஆட்கள் என்று சொல்லி மறுத்தார். சரி, சிலந்திகள் கரை ஒதுங்கட்டும் என்று படப்பிடிப்பைத் தள்ளிவைத்தார்கள். அடுத்து மேகம். வெயில் விழுந்தால்தான் சிவப்பு எடுப்பாகத் தெரியுமாம். அந்த வாரம் பார்த்து அக்டோபருக்குப் பொருந்தாத வெக்கை. தண்ணீர் வெதுவெதுத்தது.

"பழம் ஊறிக்கிட்டு கெடக்கு. அள்ளி அனுப்பு. அவங்களுக்கு வேணும்னா உன் மூஞ்சிய மட்டும் புடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் மாமாவின் மனைவி தியோலிந்தா அத்தை.

"கேக்கறது யாரு? சங்கம். சங்கம்னா யாரு? நான். என்னை நானே ஏமாத்திக்குவேனா?"

பழம் கெட்டால் சங்கம் பொறுப்பு என்று மெரிலிடம் எழுதியாவது வாங்குங்கள் என்றேன். "பட்டதாரி வந்துட்டாருய்யா. சொந்த வீட்டுக்குள்ள நுழைய எவனாவது சீட்டு வாங்குவானா?" என்று மாமா என் முதுகில் தட்டினார்.

வார இறுதியில் ஒருவழியாகப் படம் எடுத்தார்கள். லாரி கிளம்பியது. கொள்முதல் நிலையத்தில் தரம் பார்ப்பவர் ஏய்னோ ரவுத்தியோ. பின்லாந்து வழி வந்தவர், சங்க உறுப்பினர், எங்கள் பக்கத்து வயல்காரர். எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அத்தை வைக்கும் கச்சுப்பாச் சோளக் கஞ்சியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறவர். ஒரு பிடி அள்ளிக் கட்டைவிரலால் அழுத்தினார். தோல் வழுக்கிச் சதை பிதுங்கியது, புளித்த வாடை வந்தது.

"பெல், இத இறக்க முடியாது."

"விளம்பரத்துக்காகத்தான்யா தண்ணியில வச்சிருந்தேன். மெரிலக் கேளு."

மெரிலைக் கேட்டோம். விளம்பரத்துக்கும் கொள்முதலுக்கும் சம்பந்தமில்லை என்றார் தொலைபேசியில். நன்றி சொல்லி ஒரு பெட்டி சாறும் அனுப்பிவைத்தார். அத்தை அதைப் பிரிக்கவில்லை. அந்த வருஷத்துப் பிழைப்பு முழுவதும் அந்த லாரியில்தான் இருந்தது.

ஒரு வழி மிச்சம் இருந்தது. பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கினால் விதியைத் தளர்த்தலாம், அந்தப் பழத்தைச் சாறு பிழியவாவது எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் மாலையே தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம்; அதுவரை லாரி கொள்முதல் நிலைய வாசலிலேயே நின்றது. மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். யார் மேலும் பழி போடவில்லை. தலைவர், ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

மாமாவின் கை உயர்ந்தது. வேறு ஒரு கையும் உயரவில்லை.

அந்த வருஷம் எல்லார் வயலிலும் அமோக விளைச்சல், விலை சரிந்துகொண்டிருந்தது. ஒருவன் பழம் கழிந்தால் மற்றவன் பழத்துக்கு அத்தனை இடம். ஆளுக்கொரு வாக்கு என்று கல்லூரியில் கூட்டுறவைப் பற்றி மணிக்கணக்கில் படித்தேன். அந்த வாக்கை வைத்துக்கொண்டு மனிதர்கள் காப்பிக் கோப்பைக்குள் குனிந்து பார்ப்பார்கள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஏய்னோ காது மடலைச் சொறிந்துகொண்டிருந்தார். அலுவலகம் செய்தது அயோக்கியத்தனம், அதைப் புரிந்துகொள்ளலாம். இவர்கள் வயலில் உறைபனி விழுந்தபோதெல்லாம், கொடி கருகாமல் இருக்க, ஓடிப்போய்த் தண்ணீர் திறந்துவிட்டவர் என் மாமா.

பிறகு வான்கோழி பரிமாறினார்கள். ஒருவன் மாமாவின் தட்டில் கிரான்பெரிச் சட்டினியைத் தாராளமாக ஊற்றினான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வந்த பழத்தை மாமா சாலையோரம், ஏய்னோ வீட்டுக்கு எதிரே, தன் நிலத்தின் எல்லையில் கொட்டினார். அழுகலை அன்றே மணல் போட்டுப் புதைப்பதுதான் எங்கள் பழக்கம். மாமா புதைக்கவில்லை. குவியல் நுரைத்தது. குளவி மொய்த்தது. சிவப்புத் தண்ணீர் வழிந்து சாலைத் தாரில் பிசுபிசுவென்று ஒட்டியது. மான்கூட முகர்ந்துவிட்டுப் போனது.

ஒரு நாள் ஏய்னோ டிராக்டரில் மணலோடு வந்தார்.

"நான் மூடிடறேன் பெல். நாத்தம் சாப்பாட்டு மேசை வரைக்கும் வருது. என் பொண்டாட்டி ஜன்னலத் திறந்து ஒரு வாரம் ஆச்சு."

"மூடக் கூடாது" என்றார் மாமா.

"என்ன பேச்சு பேசற?"

"இத இங்க கொட்டணும்னு முடிவு பண்ணினது சங்கம். நான் ஒருத்தன் மூட முடியுமா, நீ ஒருத்தன் மூட முடியுமா? கூட்டம் போடு ஏய்னோ. எல்லாரும் வந்து கை தூக்குங்க."

ஏய்னோ மணலோடு வண்டியைத் திருப்பினார். மாமா மூக்கைப் பொத்தாமல் அங்கேயே நின்றார்.