முந்திப் போய்விட்ட தச்சர்

கூட வேலை பார்த்தவர்கள் தச்சருக்கு வைத்திருந்த பெயர் வீட்டுப்பூனை. மாலையில் பட்டறை மூடியதும் மற்றவர்கள் கைகால் கழுவி, டீக்கடைப் பக்கம் ஒதுங்கி, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடித்துத்தான் வீடு போய்ச் சேர்வார்கள். இவர் தலையில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டாமல் நேரே வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்.

ஒரு முறை வெளியூரில் பெரிய கட்டடம் ஒன்றுக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் செய்கிற வேலை வந்தது. மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. போனவர் அந்த வாரமே கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல. அங்க தூக்கம் வரல."

மகள் அப்போது சின்னக் குழந்தை. ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மனைவி திட்டித் தீர்த்தாள். வந்த சீதேவியை வாசலோடு அனுப்பிவிட்ட மனுஷன் என்றாள். திட்டும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்ள வேண்டியிருந்தது.

இதெல்லாம் இப்போது அவள் படுத்தபடி நினைத்துப் பார்ப்பவை. நினைப்பதைத் தவிர அவளால் ஆவது அதிகமில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி, நகரத்தின் மறு கோடிக்குக் குடிபோன பிறகுதான் அது நடந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து குண்டான் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. பக்கவாதம் என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே மூச்சில் போயின. பிறகு பேச்சு மட்டும் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. ஒரு சொல் வரும், அடுத்த சொல் வராது. வந்தாலும், கேட்டவர்கள் எழுந்து போன பிறகு வரும்.

தச்சர் பட்டறை வேலையை விட்டார். வேலைப் பலகையைத் தூக்கி வந்து முன்னறையில் அவள் கட்டிலுக்கு எதிரே போட்டார். முதல் காரியமாக டேப்பை எடுத்து அவள் முழங்கால் உயரத்தை அளந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி அளந்து பார்த்திருந்தா வேற இடம் பார்த்திருப்பேன்" என்றார். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அது சிரிப்பு என்று அவருக்கு மட்டும் தெரியும்.

கட்டில் கால்களை அறுத்து அவள் உயரத்துக்குக் கொண்டுவந்தார். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவர் நெடுகப் பிடிமானக் கட்டை அடித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கையில் குத்துகிற சிலாம்பு இருக்கிறதா என்று தன் கன்னத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். கால் தடுக்கும் என்று நிலைப்படிகளைப் பெயர்த்தார். தூக்கத்தில் உருண்டு விழுந்துவிடக் கூடாதென்று கட்டிலுக்கு ஒரு தடுப்பும் செய்தார். அதன் கொக்கி வெளிப்பக்கம், கீழே, அவர் கை போகிற இடத்தில் இருந்தது. இடது கைக்கு எட்டும்படி ஒரு மணியைத் தொங்கவிட்டு, "இதை ஆட்டினா போதும். எங்க இருந்தாலும் வந்து நிப்பேன்" என்றார்.

அவர் சமையல் வாயில் வைக்க விளங்காது. அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டால் பின்னல் காதோரம் முளைத்து நிற்கும். ஆனால் ஒரு நாளும் அவள் ஈரத்தில் கிடந்ததில்லை. ஒரு நாளும் அவர் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு மதியம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து, "நான்... போயி..." என்று ஆரம்பித்து அழுதாள்.

அவருக்குப் புரிந்தது. "போகலாம், போகலாம். உன்னை நல்லபடியா அனுப்பிட்டுத்தான் நான் கிளம்புவேன். அந்த வெளியூர் வேலையத் தவிர எதையும் நான் பாதியில விட்டதில்ல, தெரியும்ல?" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருந்தாள்.

பிறகு அவர் தோளைத் தேய்க்க ஆரம்பித்தார். இழைத்துக்கொண்டே இருப்பவர் நிறுத்திவிட்டு, வலது கையால் இடது தோளை அமுக்குவார். கை வழியாக முழங்கை வரை தடவுவார். முகம் வெளுத்திருக்கும். அவள் பார்ப்பது தெரிந்ததும், "ரம்பம் இழுத்த வலி. வயசாகுதுல்ல" என்பார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்கப் பலகையில் கை ஊன்றி நின்றதையும் பார்த்தாள். அந்த வீட்டில் அதைப் பார்க்க வேறு யாரும் இல்லை.

மகள் தினமும் மாலையில் போன் பண்ணுவாள். தச்சர் போனை மனைவியின் காதில் வைத்துப் பிடிப்பார். ஒரு நாள் அவள் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, "வலி... வலி..." என்றாள்.

"எங்கம்மா வலிக்குது?"

"தோ... தோளு..."

அடுத்த நாளே மகள் தைலத்தோடு வந்து சேர்ந்தாள். "அம்மாவுக்குத் தோள் வலியாம்ப்பா. ஒரே பக்கமா படுத்தே கிடக்கிறதுதான் காரணம். காலையும் சாயந்திரமும் சூடு பறக்கத் தேய்ங்க" என்றாள். கட்டிலில் கிடந்தவள் இல்லையென்று தலையைத் தலையை ஆட்டினாள். கையை நீட்டித் தச்சரைக் காட்டினாள். "ஆமாம்மா, அப்பாதான் தேய்ப்பாரு" என்று மகள் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

தச்சர் தைலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மகள் போன பிறகு மனைவியைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தார். "கோள் சொல்லப் பார்த்தியா?" என்றார். பிறகு தைலத்தை எடுத்து, வலியே இல்லாத அவள் தோளில் தேய்த்துவிட்டார்.

அது நடந்து அதிக நாளாகவில்லை. ஒரு காலை நேரம், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் ஜன்னல் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளி நடுவில் நின்றது. "கொஞ்சம் மூச்சு வாங்குது. இதோ வர்றேன்" என்று பலகையின் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

அவள் கத்தினாள். அந்தத் தெருவுக்கு அவள் குரல் பழகிப்போன குரல். மணியைப் பிடித்து ஆட்டினாள், கை ஓய்கிற வரை ஆட்டினாள். உருண்டு கீழே விழுந்தாவது அவரிடம் போய்விடலாம் என்று தடுப்பின் மேல் மோதினாள். அது அசையவில்லை. அசையாமல் இருக்க வேண்டும் என்றுதானே செய்திருந்தார். கொக்கி எட்டவில்லை. அவர் விரல்கள் ஒரு முறை தரையைச் சுரண்டின. அவர் கண் அவளைப் பார்த்துத்தான் திறந்திருந்தது. அதில் எப்போது பார்வை போனதென்று அவளால் சொல்ல முடியாது.

மதியத்துக்கு மேல் ஜன்னல் கதவைக் கேட்க வந்த தையல்காரம்மா வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "மணிச்சத்தம் கேட்டுச்சே! அம்மாவுக்கு இன்னைக்குக் கோபம் போல, தச்சர் பாடு திண்டாட்டம்னு சிரிச்சேனே, பாவி!" என்று அழுதாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "படுக்கையில விழாம, யாருக்கும் பாரமில்லாம நொடியில போயிட்டாரு. கொடுத்து வச்ச மனுஷன்." சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்ப்பார்கள். பார்த்ததும் பேச்சை விழுங்கிக்கொள்வார்கள்.

மகள் வேலையை விட்டுவிட்டு அம்மாவைத் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். கட்டில் உயரம், குளியலறைப் படி உயரம். நகர்த்தவும் தூக்கவும் இரண்டு ஆள் வேண்டும். மருமகன் முகம் கோணாமல் ஒரு கை பிடிப்பான். தங்கமான பையன். பழைய வீட்டை வாடகைக்கு விடக் காலி செய்துவிட்டு வந்தவன், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று, "பிடிமானக் கட்டைய கழட்டவே வரல அத்தை. அவ்வளவு கெட்டியா அடிச்சிருக்காரு மாமா. கடைசியில அறுத்துத்தான் எடுத்தாங்க" என்றான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகள் துடைத்துவிடும்போதும் உடை மாற்றும்போதும் அப்பாவைப் பற்றியே பேசுவாள். பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து முடியும். "வலின்னு ஒண்ணு தெரியாமயே போயிட்டாரு. அது ஒண்ணுதாம்மா ஆறுதல்." இதைக் கேட்கும்போதெல்லாம் பலகையில் கை ஊன்றி நிற்கும் அந்த வெளுத்த முகம் அவள் கண்முன் வரும். அந்த வலியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அது நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

ஒரு நாள் காலை, குனிந்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மகளின் இடது தோளில் அவள் கையை வைத்தாள். "அப்பா" என்றாள். "வலி" என்றாள்.

மகளின் விரல் பொத்தானிலேயே நின்றது. "அன்னைக்குப் போன்ல..." என்று ஆரம்பித்தாள். "அது அப்பாவுக்காம்மா?"

தலையசைத்த பிறகுதான், தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. மகளின் முகம் கண்ணெதிரே இடிந்தது. அவர் பல்லைக் கடித்து யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்ததை எடுத்துப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டாள். உன் தப்பு இல்லடி, நான் சொன்ன லட்சணம் அப்படி என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். நாக்கை உருட்டினாள். எச்சில் வழிந்தது.

"உன்... த... தப்பு" என்றாள்.

அதோடு நாக்கு நின்றுவிட்டது.

மகள் மெதுவாகத் தலையாட்டினாள். "ஆமாம்மா" என்றாள். மீதிப் பொத்தானைப் போட்டுவிட்டு, அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் கஞ்சி ஊட்டும்போதுதான் அவளுக்கு அடுத்த சொல் வந்தது.

"இல்ல."

"பசி இல்லையா? சரிம்மா" என்று மகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.