மூன்றாவது பீப்பாவின் தண்ணீர்

நான் காய்ச்சிய முதல் இரண்டு பீப்பா பியரும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மாதிரி மணத்தன. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஆசை ஆசையாகக் காய்ச்சியவை. ஒரு மிடறு குடித்த நண்பன், "மச்சான், உது குடிக்கிறதோ, புண்ணுக்குப் பூசுறதோ?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பிழை தண்ணீரில் இருந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்த ஏதோ மருந்து இருக்கிறது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். கொதித்தாறின தண்ணீரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக நம்புகிற சனம் நாங்கள். அந்த மருந்தோ கொதித்த பிறகும் சுகமாகக் குந்தியிருந்தது. கரி ஃபில்டரில் மெல்ல மெல்ல வடித்தால்தான் போகுமாம். பிறகுதான் படித்தேன்.

அதற்குள் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இந்த முறையும் பழுதாப் போனா உந்தப் பீப்பா, பானை எல்லாம் குப்பைக்கு. அந்த மூலையிலை அம்மாவுக்குச் சாமியறை." அம்மா என்றால் எங்களோடு இருக்கும் என் மாமியார். நான் கீழே ஊறுகாய்க்கு வினாகிரி செய்வதாக அவருக்குச் சொல்லி வைத்திருந்தோம். முதல் இரண்டு பீப்பாவையும் குடித்துப் பார்த்தவர்கள் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை குசினிக் குழாயில் ஃபில்டரைப் பூட்டி, நூல் மாதிரி ஒழுகவிட்டு, இருபது லீற்றர் பிடித்தேன். இரண்டரை மணித்தியாலம். பியருக்கான தானியம் அரைத்த தூசியில் நாலைந்து தரம் தும்மினேன். பானையை அடுப்பில் மூடி வைத்துவிட்டு, காய்ச்சிய பியரைக் குளிரவைக்க ஐஸ் வாங்க அஜின்கோர்ட் கடைப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தால் வீடு முழுக்க மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் மணத்தது. மாமி என் பானையைத் துழாவிக்கொண்டு நின்றார்.

"தும்மினீங்கள் தம்பி. தடிமன் துவங்கமுந்தி மல்லி அவிச்சுப்போட்டன்."

அது ஃபில்டர் பண்ணின தண்ணீர் என்றேன். பண்ணினால் என்ன, கொதிக்க வேண்டாமா என்றார். ஒரு பெரிய தம்ளர் நிறைய வார்த்துத் தந்து, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

மறுபடி வடிக்க நேரமில்லை. மனைவி சமைக்க வந்தால் குசினி அவளுடையது. மாமி டிவியில் நாடகம் பார்க்கப் போனதும் மிச்சத் தண்ணீரை வாளிகளில் பேஸ்மென்டுக்கு இறக்கி, மல்லியை வடித்தெறிந்துவிட்டு, கீழே இருந்த சின்ன மின்னடுப்பில் அதிலேயே பியரைக் காய்ச்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருந்தது. சாமிப் படங்களுக்கு எத்தனை ஆணி தேவை என்றுகூட எண்ணிப் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து, தீர்ப்பை நிறைவேற்ற மனைவியே கீழே வந்தாள். முகர்ந்தாள். குடித்தாள். எனக்குத் தராமல் இன்னொரு கிளாஸ் வார்த்தாள்.

"இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

தண்ணியை நல்லா வடிச்சன் என்றேன். அப்படியென்றால் அடுத்ததும் இதே ருசியில் வர வேண்டும், இல்லாவிட்டால் சாமியறைதான் என்றாள்.

அடுத்ததை நானே மல்லி போட்டுக் காய்ச்சலாம் என்று ஒரு சின்னச் சட்டியில் வைத்துப் பார்த்தேன். ரசம் மாதிரி வந்தது. மாமி கைப்பிடியாக அள்ளிப் போடுவதற்கு அளவுக்கணக்கு கிடையாது. பியருக்கு என்று கேட்கவும் முடியாது.

போன சனிக்கிழமை இருபது லீற்றர் வடித்து அடுப்பில் வைத்தேன். பிறகு மாமியின் அறை வாசலில் போய் நின்று, அவர் எழும்பி வரும் வரைக்கும் தும்மினேன்.