கார்புரேட்டருக்கு ஒரு தோல் கேஸ்கட்

என் காரை ஆர்.டி.ஓ. மைதானத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று என் மனைவி சண்டைக்கு வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அடுத்த வாட்டியும் இன்ஸ்பெக்டர் எதிர்ல நின்னுட்டா?"

"நிக்காது."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா இரும்புக் கடைல போட்டுடறேன், போதுமா!" என்று கத்திவிட்டேன்.

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அவள் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டாள். இனி மாற்ற முடியாது. அடுத்த தகுதிப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அது ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் எப்போதோ கப்பலில் கொண்டுவந்து, பிறகு பராமரிக்க முடியாமல் வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியின் பின்பக்கம் நிறுத்தி வைத்திருந்தார். நான் வாங்கும்போது அதன் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். நாங்கள் வெட்டித் தைப்பதெல்லாம் பெட்டியில் ஏறி வெளிநாடு போய்விடும். அங்கிருந்து கிளம்பி என் வீட்டு வாசலுக்கு வந்த ஒரே பொருள் இந்தக் கார். அதன் மேல் எனக்குப் பைத்தியம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும்.

அதன் என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணம் மாதிரி ஒன்று உள்ளே சுழலும். ரோட்டரி என்பார்கள். முக்கோணத்தின் முனைகளில் மெல்லிய சீல்கள் இருக்கும். பெட்ரோல் குறைந்து காற்று ஜாஸ்தியானால் சூடேறி அவை உடைந்துவிடும். உடைந்தால் என்ஜினை மறந்துவிட வேண்டியதுதான், இங்கே ஸ்பேர் கிடைக்காது.

காரோடு வந்த கார்புரேட்டர் உளுத்துப் போயிருந்தது. அதனால் வேறு கம்பெனி தயாரித்த சைடு டிராஃப்ட் கார்புரேட்டர் ஒன்றை ஆன்லைனில் தேடிப் பிடித்தேன். சாதாரண கார்புரேட்டர் நின்றபடி மேலிருந்து காற்றை இழுக்கும். இது படுத்தபடி பக்கவாட்டில் இழுக்கும், இரண்டு பெரிய வாயால். பார்சலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இருந்தது. அதற்கும் என்ஜினுக்கும் இடையில் காற்று கசியாமல் வைக்கிற கேஸ்கட் மட்டும் இல்லை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடைக்குப் போய் கேஸ்கட் பேப்பர் வாங்கியிருப்பான். நான் ஆம்பூர்க்காரன். வீட்டில் நல்ல சோல் தோல் ஒரு துண்டு கிடந்தது. அளவெடுத்து, கத்தி பிடித்து, இரண்டு வாய்க்கும் வட்டம் போட்டு, போல்ட் துளை நான்கும் குத்தி எடுத்தேன். கத்தி போன தடம்கூடத் தெரியவில்லை. என் கைவேலையை நானே தெருவில் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் மாட்டினேன்.

வண்டி காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது அருமையாக ஓடியது. சூடேறினால் அதன் குணமே மாறியது. ஆக்சிலேட்டரை விட்டு ஐடிலில் ஓடவிட்டால் சத்தம் ஏறும், இறங்கும், சைலன்சரில் டப்பென்று வெடிக்கும், நின்றுவிடும். பெட்ரோல் போதவில்லை என்று முடிவு கட்டினேன். கார்புரேட்டருக்குள் வாய்க்கு ஒன்றாக, ஜெட் என்று பித்தளையில் சின்ன திருகு இருக்கிறது. அதன் நடுவில் உள்ள ஊசித் துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். அந்தத் துளையை மெல்லிய டிரில்லால் பெரிதாக்கினேன். போதவில்லை. இன்னும் பெரிதாக்கினேன். இப்போது குளிர்ச்சியில் கரும்புகை, சூட்டில் பழைய கதை. அப்படி ஓட்டிக்கொண்டு போய்தான் மைதானத்தில் மானம் போனது.

பன்னிரண்டு நாளில் ஐந்து நாள் இதே வேலையில் கழிந்தது. ஆறாம் நாள் கார்புரேட்டரைக் கழற்றி வாசலில் பரப்பி வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த என் மனைவி செருப்பைக் கழற்றுகிறபோது கேஸ்கட்டைக் கையில் எடுத்தாள். அவள் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லேபில் இருக்கிறாள். தோலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வளைத்துப் பார்த்தாள். அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது.

"இன்னாங்க இது, தோலா?"

"சோல் தோல். ஃபர்ஸ்ட் குவாலிட்டி."

"பெட்ரோல் படற எடத்துல?"

உடைந்த துண்டை நான் வாங்கிப் பார்த்தேன்.

"லேப்ல தோல்லேர்ந்து எண்ணெய எடுக்கணும்னா நாங்க இன்னா பண்றோம்? இந்த மாதிரி ஒண்ணுலதான் ஊற வைக்கிறோம். எண்ணெ போயி, சூட்டுல காஞ்சி, சுருங்கிடுச்சி. சந்துல காத்து போவுது. உங்க கம்பெனி லைன்ல பொண்ணுங்க பெட்ரோல் வெச்சி கறை தொடச்சா தோல் செத்துடும்னு கத்தறது நீங்கதானே?"

எனக்கு முகம் எரிந்தது. தெரியாத விஷயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. தெரிந்ததுதான். அந்த என்ஜினில் காற்றை இழுக்கிற பக்கமும் புகையை விடுகிற பக்கமும் ஒன்றே. அடுப்புக்கு மேல் தோலைக் கட்டி வைத்துவிட்டுப் பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வாரத்தில் கார் இரும்புக் கடைக்குப் போயிருக்கும், வாசலும் காலியாகியிருக்கும். அவள் அதைத்தான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டேன். கேஸ்கட் பேப்பர் வாங்குவது சுலபமாக முடிந்தது. நான் பெரிதாக்கி வைத்த ஜெட்தான் பிரச்சினை. புதிது வரவழைக்க நாள் இல்லை. ஜெட் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலூர் போனேன். லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் நகை வேலை செய்கிறவரிடம் காட்டினேன்.

"இன்னாண்ணே, மூக்குத்தித் திருகா?" என்றார்.

"காருக்கு. ஓட்டைய சின்னதாக்கணும்."

சிரித்தார், ஆனால் கையில் வாங்கிக்கொண்டார். சரியான துளை அளவு ஜெட்டின் தலையிலேயே பொறித்திருந்தது. அந்த அளவுக்கு ஒரு எஃகுக் கம்பியைத் தேய்த்து, துளைக்குள் நிறுத்தி, சுற்றிலும் ஈயத்தை உருக்கி விட்டார். ஆறியதும் கம்பியை உருவினார். எஃகில் ஈயம் ஒட்டவில்லை. கம்பி இருந்த இடத்தில் துளை நின்றது. எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரு வேலை. கார்புரேட்டரின் இரண்டு வாயும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையை வாயருகே பிடித்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டு, திருகைச் சரிசெய்ய வேண்டும். வருடக்கணக்காகத் தோல் வெட்டும் பிரஸ் டமார் டமாரென்று இறங்கிய காது என்னுடையது. அதில் மெல்லிய சத்தம் எதுவும் விழாது. முதல் முறை கேட்டதாக நடித்தேன், குத்துமதிப்பாகத் திருகினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளிடம் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டியூபைக் காதில் வைத்தாள்.

"இந்தப் பக்கம் ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க. அய்ய, ரொம்பக் கம்மியாயிடுச்சி. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க, நிறுத்துங்க."

ஒரு மணி நேரம் நான் திருகினேன், அவள் கேட்டாள். கடைசியில் என்ஜின் ஒரே சீராக ஓடியது. அது என் கைக்குத் தெரிந்தது.

பரிசோதனை அன்று அவளும் லீவு போட்டுவிட்டு வந்தாள். வாணியம்பாடி மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டி. நல்ல வெயில். என்ஜினை அணைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"அணைங்க. சூட்டுல ஸ்டார்ட் ஆவலன்னா அது சரியாவலன்னுதான் அர்த்தம்," என்றாள்.

அணைத்தேன். முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முதல் திருகலில் வரவில்லை. இரண்டாவதில் பிடித்தது. நிற்கவில்லை. விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பானெட்டுக்குள் குனிந்து ரசித்துப் பார்த்தார்.

"ரோட்டரியா! இந்தப் பக்கத்துல இதுக்கு யாரு டியூன் பண்றாங்க?"

"நான்தான் சார்," என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹைவேயில் ஏறி ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். கார் காற்றாய்ப் பறக்கிறது, எனக்கு ஒன்றும் இனிக்கவில்லை. அவள் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. இப்படிப்பட்டவன்தானே என்று எப்போதோ பழகிவிட்ட முகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினேன்.

"இன்னாச்சி? எதனா மறந்துட்டீங்களா?"

மைதானத்து வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். இன்ஸ்பெக்டர் வேறு வண்டியின் அடியில் குனிந்திருந்தார்.

"சார், அந்த ரோட்டரிய டியூன் பண்ணது நான் இல்ல. எங்க வீட்டம்மா. கார்ல உக்காந்திருந்தாங்களே, அவங்கதான்."

"இதச் சொல்லவா திரும்பி வந்தீங்க?"

"ஆமா சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற காரைப் பார்த்து, அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

நான் திரும்பி நடந்து வரும்போது என்ஜின் சத்தம் கேட்டது. நான் அணைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். அவள் எட்டிச் சாவியைத் திருப்பியிருக்கிறாள். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் விரலை உதட்டில் வைத்து, தலையைச் சாய்த்து, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லெஃப்ட் வாய் கொஞ்சம் கம்மியா இழுக்குது," என்றாள். "ஞாயித்துக்கெழம பாத்துடலாம்."