வடக்கு ஜன்னல் அறையில் அப்பா

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் வலது பாதம்; போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, நீட்டிய பென்சிலால் அந்தப் பாதத்தை அளந்துகொண்டிருந்தாள் சித்தி.

அவள் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க, ஆளை நேரில் பார்த்து வரைந்த படம் ஒன்று வேண்டும். அடுத்த வாரக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால், வீட்டில் சொன்னபடி நர்சிங்.

நூலகத்திலிருந்து ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். அவர்களுடைய ஓவியக்கூடங்களில் பெரிய ஜன்னல் வடக்குப் பார்த்து இருக்குமாம். வெயில் நேரே விழாது, நிழல் இடம் மாறாது. அசையாமல் இருப்பதற்கு ஆளுக்குக் கூலி கொடுப்பார்களாம். எங்கள் வீட்டில் வடக்கு ஜன்னல் ஒன்றுதான். அந்த அறையில் நைட் ஷிப்ட் முடித்த அப்பா கூலி கேட்காமல் தூங்கினார். புத்தகத்தில் படுத்திருந்தவர்கள் பட்டில் கிடந்தார்கள். அப்பா கட்டம் போட்ட லுங்கியில்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு விறைப்பாகப் படுப்பார் என்றாள் அம்மா. அவர் எழுவதற்குள் படத்தை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது என் வேலை.

“பாருக்கா, மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு. ஒரே பக்கமா படுத்தா மாமாவுக்கு என்னா கொறஞ்சா பூடும்?”

“ராவெல்லாம் மெஷின் ஓட்டிட்டு வந்து தூங்கிகினு இருக்காரு. உனக்கு பொம்மையா இருக்கவா வந்தாரு?” என்றாள் அம்மா.

சனிக்கிழமை உடம்பும் லுங்கி மடிப்பும் முடிந்தன. முகமும் கைகளும் பாக்கி. அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது: திங்களிலிருந்து அப்பாவுக்கு முதல் ஷிப்ட். விடிவதற்குள் கிளம்பிவிடுவார்.

“ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கோயேன்.”

“போட்டோவப் பாத்து வரையறதுன்னா எங்க வூட்லயே வரைஞ்சிருப்பேனே.”

அன்று மத்தியானம் சித்தி சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். அப்பா அதே கட்டிலில், அதே பக்கமாகப் படுத்திருந்தார். சித்தி மூக்கை வரைந்துகொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவர் ஒருமுறைகூடச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, குறட்டையும் இல்லை. சித்திக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். படம் போய்ச் சேர்ந்தது, இடமும் கிடைத்தது.

அந்த வாரம் அப்பா தன் முதல் ஷிப்டைப் பக்கத்து பிளாக் நண்பருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய நைட் ஷிப்டை வாங்கிக்கொண்டிருந்தார்.