பௌனே தோ லிட்டர்

இந்த ஊரில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண நூறு வார்த்தைகள் வேண்டும். நம் ஊரில் பத்து வரை தெரிந்த பிள்ளை மீதியைக் கூட்டிக்கொள்ளும். இருபதும் மூன்றும் இருபத்துமூன்று, அவ்வளவுதான். நம்மிடமும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று இரண்டு கோணல் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மும்பையில் எண்ணுக்கு எண் கோணல். இருபத்தொன்பது ‘உந்தீஸ்’, ஐம்பத்தொன்பது ‘உன்ஸட்’, எழுபத்தொன்பது ‘உன்யாஸி’. இங்கே வந்து ஏழு வருடமாகிறது, நர்ஸாக வேலையும் பார்க்கிறேன். இன்றைக்கும் செம்பூர் சந்தையில் காய்காரர் எழுபதைத் தாண்டி ஒரு எண்ணைச் சொன்னால் என் முகம் அரை நொடி வெறுமையாகிறது. அவர் உடனே விரலைக் காட்டுகிறார். நான் சிரித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் அப்படிச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

நாசரேத்திலிருந்து நர்ஸிங் படிக்க வந்த முதல் வருடம் அது. தாராவியில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தேன். அண்ணன் தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். என்னோடு அறையில் இருந்தவள் மாலா, மைனியின், அதாவது அண்ணன் மனைவியின் தங்கை. மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பிஸினஸ் மேனேஜ்மென்ட் சேர்ந்திருந்தாள். அடுத்த சந்தில் கவிதா, சங்கரன்கோவில் பக்கம், வேதியியல் படித்தாள். மூன்று பேருமே ரயிலை விட்டு இறங்கி நான்கைந்து மாதம் ஆனவர்கள். மூன்று பேரின் பாடத்திலும் வந்து நின்றது கணக்குதான். மாலாவுக்கு ஒரு பொருளின் அடக்கவிலை, கவிதாவுக்குக் கரைசலின் அடர்த்தி, எனக்குச் சொட்டு மருந்தின் வேகம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் புலி. மூன்று பேர் கணக்கையும் நானே போட்டேன். "எல்லாமே நேர் விகிதம்தாம்ட்டி, பேரு மட்டுந்தான் வேற" என்று பெரிய மேதாவி மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கனம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது அதற்குப் பெயர் தன்னம்பிக்கை.

கணக்கு வரும், ஹிந்தி வராது. அதற்கும் ஒரு வழி செய்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் ஒரு பட்டியல் போட்டேன். பாவ் என்றால் கால். பௌன் என்றால் முக்கால். பௌன் கிலோ தக்காளி கேட்டு எழுநூற்றைம்பது கிராம் வாங்கிச் சரிபார்த்திருந்தேன். ஸவா தோ என்றால் இரண்டேகால். ஸாடே தீன் என்றால் மூன்றரை. அப்படியானால் பௌனே தோ என்ன? இரண்டேமுக்கால். இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நான்கும் சரியாக இருந்தால் ஐந்தாவதும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? மணி கேட்டுப் பழகியிருந்தாலாவது பிடிபட்டிருக்கும். கையில் போன் இருக்கும்போது மணியை யாரிடம் கேட்பது? மாலாவும் கவிதாவும் அந்தப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

முதல் அடி கவிதாவுக்கு விழுந்தது. ஆய்வகத்தில் உதவியாளர் ஒரு உப்பை ‘பௌனே தோ கிராம்’ எடுக்கச் சொல்லியிருக்கிறார். என் பட்டியல்படி இவள் இரண்டேமுக்கால் கிராம் எடுத்துக் கரைத்தாள். மூன்று முறை செய்தும் விடை தவறாகவே வந்தது. முதலில் கண்ணாடிக் குழாயைத் திட்டினோம், பிறகு மும்பைத் தண்ணீரைத் திட்டினோம். கடைசியில் நான், படிக நீர் அது இது என்று ஏதோ சொல்லி, அந்தத் தப்பான விடைக்கு ஒரு பக்கம் விளக்கமும் எழுதிக் கொடுத்தேன். அவளும் நம்பினாள்.

எனக்கு அப்போது வார்டு போஸ்டிங். மருத்துவமனையின் ஆண்கள் பிரிவில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு பத்து நாள் கவனித்து ‘கேஸ் ஸ்டடி’ எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தவர் பதினான்காம் கட்டிலில் இருந்த ஒரு லாரி டிரைவர். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்திருந்தது. நீர் பிரிய காலையும் மாலையும் ஊசி. எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று தினமும் அளந்து சார்ட்டில் எழுத வேண்டும். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊசியைக் கூட்டுவார், குறைப்பார். டிரைவரின் மனைவியை வார்டில் எல்லாரும் காக்கூ என்பார்கள், மராத்தியில் சித்தி மாதிரி. கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் பிடித்து அவர்தான் கணக்கு வைத்திருப்பார்.

எங்களுக்கு வார்டில் பாடம் எடுத்த மேடத்திடம் நான் ஏற்கெனவே ஒரு முறை மாட்டியிருந்தேன். எதைச் சொன்னாலும் "ஸமஜ் கயா?", புரிந்ததா, என்பார், நான் "ஹான்" என்று தலையாட்டுவேன். ஒருநாள் என்ன புரிந்தது என்று திருப்பிக் கேட்டார். பேந்தப் பேந்த விழித்தேன். இன்னொரு முறை புரியாமல் தலையாட்டினால் போஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுவேன் என்று எல்லார் முன்னிலும் சொன்னார். போஸ்டிங் முடியாவிட்டால் அந்த வருடம் போயிற்று. அதற்குப் பிறகு வார்டுக்குள் போகும் முன் என் பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வார்டில் கூட்டம். சிஸ்டர் என்னிடமே சார்ட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். காக்கூ ஜக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து எவ்வளவு என்று கேட்டேன்.

"பௌனே தோ லிட்டர், பேட்டி" என்றார், மகளே என்று கூப்பிடுவது மாதிரி.

இரண்டு, புள்ளி, ஏழு, ஐந்து. அழகாக எழுதினேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பார்த்துவிட்டு "பஹூத் அச்சா" என்றார். சாயங்கால ஊசியை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் நோயாளி தேறுகிறார் என்று எனக்குப் பெருமை. கேஸ் ஸ்டடியில் அதையும் ஒரு வரி எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலு மணி சுமாருக்கு அண்ணன் டீ குடிக்க வீட்டுக்கு வந்தான். மாலா தன் புராஜெக்டை விரித்து வைத்திருந்தாள். நானும் அவளும் ஒரு பெல்ட் பட்டறைக்குப் போய் முதலாளியிடம் விவரம் கேட்டு எழுதியது. அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, நாலு பேரு வேலை பாக்குற பட்டறையில ஒரு நாளைக்கு எரநூத்தி எழுவத்தஞ்சு பெல்ட்டா? பேயி வந்து தச்சுக் குடுக்கா?"

"அந்தப் பாயே சொன்னாருண்ணே" என்றேன். "பௌனே தோ சவ்னு."

அண்ணன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "பௌனே தோ சவ்னா நூத்தி எழுவத்தஞ்சுட்டி! ரெண்டுக்குக் கால் கொறச்சல்னு அர்த்தம். இங்கன எல்லாம் அப்படித்தான் சொல்லுவானுவ."

மாலாவும் சிரித்தாள். "அப்பம் கவிதா உப்பு?" என்று கேட்டுவிட்டு இன்னும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் ஒன்றேமுக்கால் லிட்டர்தான் போயிருக்கிறார். ஒரு லிட்டர் இன்னும் அவர் உடம்பில் இருக்கிறது, அல்லது நெஞ்சில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆறு மணிக்குப் போட வேண்டிய ஊசி என் கையெழுத்தால் நின்றிருக்கிறது.

மேடத்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். வார்டு போன் நம்பர் எங்களிடம் கிடையாது. மாலா மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில சீக்கிரமாப் போயி மாத்திருவமாக்கா? யாருக்குத் தெரியப்போவுது?" அவள் கெட்டவள் இல்லை. என் வருடம் போய்விடுமே என்று பயந்து சொன்னாள். நான் அவளைத் திட்டவில்லை, ஏனென்றால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அதே யோசனை எனக்கு வந்துவிட்டது. இரண்டை ஒன்றாக எப்படித் திருத்துவது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதை இப்போது எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இது பொய்க் கட்டுரை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் அறுபதடி ரோட்டிலேயே நின்றுவிட்டது. முன்னால் ஒரு டெம்போ, அதற்கு முன்னால் இன்னொன்று. இறங்கி ஓடி, சயான் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். வழியெல்லாம் ஏசுவே ஏசுவே என்றுதான் வாய் சொன்னது. கட்டில் காலியாக இருக்கிற மாதிரியே மனசுக்குள் படம் ஓடியது.

காலியாக இல்லை. அவர் உட்கார்ந்திருந்தார், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி. படுக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. காக்கூ எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் சிஸ்டரிடம் ஓடினேன்.

"சிஸ்டர், பௌனே தோ! பௌனே தோ!"

அவர் மருந்து ட்ரேயிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "பௌனே தோ கப் கா ஹோ கயா. அபி தோ பௌனே சே ஹை."

நான் மணி கேட்கிறேன் என்று நினைத்து, ஒன்றேமுக்கால் எப்போதோ ஆகிவிட்டது, இப்போது ஐந்தேமுக்கால் என்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் ஒன்பதில், சின்ன முள் ஆறைத் தொடவில்லை. அண்ணன் சொன்னது சரி. மிச்சம் வைத்திருந்த ஒரு துளி நம்பிக்கையும் அந்தக் கடிகாரத்தோடு போயிற்று. பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன்: "ஒன் பாயின்ட் செவன் ஃபைவ், சிஸ்டர். நாட் டூ. நான் தப்பா எழுதிட்டேன்." கடைசி வாக்கியம் தமிழில் வந்தது. அவருக்கு அது எப்படியோ புரிந்தது. சார்ட்டை எடுத்துக்கொண்டு காக்கூவிடம் போய் மராத்தியில் கேட்டார். காக்கூ ஜக்கில் கோட்டைத் தொட்டுக் காட்டினார். சிஸ்டரின் முகம் மாறியது. டாக்டருக்குப் போன் போனது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நான் சுவரோரமாக நின்றேன். என்னை யாரும் எதையும் தொட விடவில்லை.

தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு மேடமே வந்துவிட்டார். அதற்குள் டிரைவருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கி, மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். மேடத்திடம் முழுதும் சொன்னேன், பட்டியலையும் காட்டினேன். எனக்கு ஹிந்தி தெரியாததால் வந்தது என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார்.

"ஜக் தேகா?" என்று கேட்டார். ஜக்கைப் பார்த்தாயா?

"நஹீ, மேடம்."

"ஜக் பே ஹிந்தி லிக்கா ஹை க்யா?"

ஜக்கில் ஹிந்தியா எழுதியிருக்கிறது? வெறும் கோடும் எண்ணும்தான். குனிந்து பார்த்திருந்தால் போதும். அதுவரை பாஷை என்னைக் கைவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நோயாளியைக் கைவிட்டது நான்தான்.

வருடம் போகவில்லை. நீயாக ஓடிவந்து சொன்னதற்காக என்று மேடம் சொன்னார். ஆனால் அந்த கேஸ் ஸ்டடி தள்ளுபடி. போஸ்டிங் முழுவதையும் விடுமுறையில் திரும்பச் செய்ய வேண்டும். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. மாலா ஒரு எண்ணைத் திருத்தி, அதனால் மாறிய அத்தனை கணக்கையும் திருத்தி, நல்ல மார்க் வாங்கினாள். கவிதா ஒன்றேமுக்கால் கிராம் எடுத்தாள், விடை முதல் தடவையே வந்தது. நான் எழுதிக் கொடுத்த படிக நீர் விளக்கத்தைக் கிழித்துப் போட்டாள். டிரைவர் இரண்டு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார். அதுவரை காக்கூ என்னை அந்தக் கட்டில் பக்கம் விடவில்லை. "வோ மத்ராஸி லட்கி நகோ" என்று ஒருநாள் என் காதுபடவே சொன்னார், அந்த மதராஸிப் பெண் வேண்டாமாம். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஊரிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லுவேன்: தெரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டு ரயில் ஏறுங்கள். நான் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

போன மாதம் அம்மாவுக்குக் கால் வீங்கி நாசரேத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் பெண் சொன்னாள்: "ஒரு நாளைக்கு ஒண்ணேமுக்கா லிட்டருக்கு மேல தண்ணி குடுக்காதீங்க." நான் எழுதப் பேனாவை எடுத்தேன், கை நின்றுவிட்டது. ஒன்றும் முக்காலுமா? ஒன்றுக்கு முக்கால் குறைவா? என் தாய்மொழியில், என் அம்மாவின் உடம்புக்கு, ஒரு எண்ணைச் சொல்கிறார்கள், என்னால் அதை நம்பி எழுத முடியவில்லை.

"ஒன் பாயின்ட் செவன் ஃபைவா? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணேமுக்கான்னா ஒண்ணேமுக்காதான். நீங்க வெளியூராக்கா?"

"ஆமா" என்று என் வாய் சொல்லிவிட்டது. கட்டிலில் படுத்திருந்த அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.